நாலாவது குப்பி

டென்சில் அப்பாவின் காலில் சாக்ஸை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். விறைத்த விரல்களில் துணி சிக்கி நின்றது.

"பொட்டியில டை கீது. எடுத்துக்கினு வா," என்றான், அக்கா முகத்தைப் பார்க்காமலே. "மூணு மணிக்குச் சர்ச்சு. அதுக்குள்ளயாவது அசைஞ்சு குடு."

ஜெனிட்டா நகர்ந்தாள். செத்தவரின் தங்கை ரெபேக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆறு வருசம் ஒரே வூட்டுல இருந்துக்கினு பெத்தவன்கிட்ட ஒரு வார்த்த பேசாதவ. கண்ணுல சொட்டுத் தண்ணி வருதா பாரு."

"வுடு அத்தே. பொய் எழுதத்தான் தெரியும் அவளுக்கு," என்றான் டென்சில்.

ஜெனிட்டா உள்ளறைக்குப் போய் தகரப் பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

பொய் எழுதினவள். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளில் ஆறு வருடமாக அவளுக்கு அதுதான் பெயர். பேசி முடித்த கல்யாணம் அந்தப் பெயரால்தான் நின்றது.

அப்பா சிரில் பெங்களூரில் ஒரு எண்ணெய் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர். மகளையும் அங்கேயே சேர்த்துவிட்டார். இருவரும் விடியற்காலை ரயிலில் போவார்கள். தார் போலக் கெட்டியான கச்சா எண்ணெயை நான்காகப் பிரிப்பது அவர்கள் வேலை. ஹெப்டேன் கரைப்பானை ஊற்றிக் கலக்கி வைத்தால் அஸ்பால்டீன் கறுப்புத் தூளாக அடியில் இறங்கும். அதை வடிகட்டிவிட்டு, மிச்சத்தைச் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விட்டு, கரைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்ற வேண்டும். முதலில் தண்ணீர் மாதிரி ஒன்று இறங்கும். அடுத்தது தேன் நிறத்தில். கடைசியில் ரெசின், பழுப்பாக, பசையாக. அது பட்ட குப்பி எத்தனை கழுவினாலும் முழுசாகத் தெளியாது. நான்கையும் காயவைத்து நிறுத்துக் கூட்டினால் நூறு சதவீதத்துக்குச் சற்றுக் குறையும். குழாயில் ஒட்டியது ஒட்டியதுதான்.

அப்பா எடையைச் சொல்வார், ஜெனிட்டா நோட்டில் எழுதுவாள். அது அவர்கள் பழக்கம்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், ஒரு நாள் ரெசின் இறங்கும் முன்பே ஜெனிட்டா ரயிலுக்கு ஓட வேண்டியிருந்தது. "நீ போ, நான் பாத்துக்கறேன்," என்றார் அப்பா. மறுநாள் காலை அவர் ரெசின் எடையைச் சொன்னார், அவள் எழுதினாள். கூட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னது அப்பா.

கூட்டு சரியாக நூறு வந்திருந்தது. நூறு வந்தால் யாரோ கடைசிக் குப்பியை நிறுக்காமலே, மற்ற மூன்றையும் நூறிலிருந்து கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று கூடத்தின் பொறுப்பாளர் ஷில்பா மேடத்துக்குத் தெரியும். ரெசின் குப்பியைக் கொண்டுவாருங்கள் என்றார்.

"எழுதினது அவதான் மேடம்," என்றார் அப்பா. "குப்பி அவ கையில உடைஞ்சிடுச்சு. பயந்துக்கினு எதையோ எழுதிட்டா."

மகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று. இரண்டு வருடம் கழித்து அவருக்குச் சால்வை போர்த்தி ஓய்வில் அனுப்பினார்கள்.

டைகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே ஒரு சின்னக் குப்பி. லேபிளில் அப்பாவின் பென்சில் எழுத்து: மாதிரி எண், ரெசின், வெறும் குப்பியின் எடை. அன்றைய மாதிரியின் எண் அது; தூக்கத்தில் கேட்டாலும் ஜெனிட்டா சொல்வாள்.

குப்பியில் ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். பழுப்பின் சாயலே இல்லை; அதில் ஒரு சொட்டும் விழுந்ததே இல்லை.

"இன்னா தேடிக்கினு கீறே?" டென்சில் வாசற்படியில் வந்து நின்றான். "லேப்ல இருந்து அந்த மேடம் வர்றாங்க. அவங்க எதிர்ல மூஞ்சியக் காட்டாத. இன்னிக்காவது அவரு மானத்தக் காப்பாத்து."

"டை நான் கட்டறேன். நீ போய் பந்தல்காரனப் பாரு."

அவன் முறைத்துவிட்டுப் போனான்.

அவள் அப்பாவின் காலரைத் தூக்கி டையைச் சுற்றினாள். முடிச்சை இறுக்கினாள். போதும் என்று தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"கோட்டுல பேனா வையிடி," என்றாள் ரெபேக்கா. "பேனா இல்லாம வெளிய போவமாட்டான்."

ஜெனிட்டா மேல் பாக்கெட்டில் குப்பியைச் செருகினாள். லேபிள் வெளியே தெரிந்தது.

"இன்னாடி அது?"

"லேப் சாமான் அத்தே. இத்தினி நாளு பத்திரமா வெச்சிருந்தாரு."

"வையி, வையி. இப்பவாவது புத்தி வந்துச்சே."

இரண்டரை மணிக்கு மேடம் மலர்வளையத்தோடு வந்தார். டென்சில் ஓடிப்போய்க் குடை பிடித்தான். சவப்பெட்டியின் தலைமாட்டில் பாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். சகோதரர் சிரில் கைவைத்த வேலையில் கள்ளம் இருந்ததில்லை என்றார். "ஆமென்," என்றாள் ரெபேக்கா, ஜெனிட்டாவைப் பார்த்து.

மேடம் குனிந்தார். வளையம் கோட்டின் மேல் படப் போய், பாதியில் நின்றது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே வளையத்தை டென்சில் கையில் கொடுத்தார்.

"இன்னா மேடம்?" என்றான் அவன். "இன்னா ஆச்சு?"

மேடம் இரண்டு விரலால் குப்பியை உருவி எடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். பாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஜெனிட்டா உள்ளே போகவில்லை. பெட்டியின் கால்மாட்டில் கைகட்டி நின்றாள்.

குப்பியைத் தாண்டி வந்த வெயில், எந்த நிறமும் ஏறாமல், அப்பாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.