நடு ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரர் மறுபடியும் டிவி அலமாரிக்குப் பின்னால் தலையை விட்டிருந்தார். வெளியே தெரிந்தது இடுப்புக்குக் கீழே இருக்கும் ஆள் மட்டும்தான். காபி ஆறிப்போகிறது என்று அந்தப் பாதி ஆளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தெரிந்தவர் ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கிய ரிசீவரை, அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டியை, அதன் ஆறு ஸ்பீக்கரோடு இவர் தூக்கிக்கொண்டு வந்ததில் ஆரம்பித்தது வினை. எங்கள் டிஸ்க் பிளேயரோடு அதை இணைக்க மூன்று வழி இருந்தது. முதலில் சிவப்பு வெள்ளை ஒயரைப் போட்டார். "பாட்டு வருது, வெடிச் சத்தம் வருது, பேச்சு மட்டும் வரலை" என்று கழற்றி எறிந்தார். அடுத்தது ஆறு ஒயர். பிளேயரே சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக அனுப்புமாம். பேசுவதெல்லாம் நடு ஸ்பீக்கரில் வருமாம். அதன் சத்தத்தை மட்டும் முட்ட முட்ட ஏற்றிவைத்து, அன்று ராத்திரி ஒரு படம் போட்டார்.

மறுநாள் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்தப் பொண்ணு கடைசில புருஷனோட போனாளா இல்லையா? அதுக்குள்ள நான் தூங்கிட்டேன்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்குக் கதை முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த இவர், "என்னடி சொல்றா அவ?" என்று படம் முழுக்க என் தோளை இடித்துக்கொண்டிருந்தார்.

இவருக்கு ஜெனரேட்டர் ரூமில் வேலை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. காதுக்கு மாட்டச் சொல்லிக் கம்பெனி கொடுத்ததை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். காதை மூடிக்கொண்டால் மெஷினுக்கு என்ன நோவு என்று எப்படித் தெரியும் என்பார். டாக்டரிடம் காட்டலாம் என்றால் மூஞ்சி மாறிவிடும். "காது போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா, அடுத்த நாளே ஸ்டோர்ல போய் நட்டு போல்ட்டு எண்ணுன்னு அனுப்பிடுவான். ஒயர்தான் சரியில்லை, விடு." அந்த வேலை போனால் மனுஷன் ஒடிந்துபோவார் என்பதால் நானும் விட்டுவிடுவேன்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பியை வரவழைத்தார். கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறவன் அவன். மூன்றாவது வழியான ஆப்டிகல் ஒயரோடு வந்தான். அதில் பிளேயர் எதையும் பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிடுமாம். பிரிக்கிற வேலை ரிசீவருடையது.

"இதுலயாவது பேச்சு தெளிவா கேட்கும்ல மாப்ளே?"

"பேச்சுக்கு அந்த ஆறு ஒயரும் இதுவும் ஒண்ணுதான் மாமா. பெரிசா வித்தியாசம் தெரியாது."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அட, அப்படியா? ரெண்டையும் மாட்டிடறேன். கண்ணை மூடிக்குங்க. மாத்தி மாத்தி விடறேன், எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சோபாவில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு மட்டும் தனியாக வரட்டும் என்று தம்பி மற்ற ஸ்பீக்கர்களின் ஒயர்களை உருவினான். படத்தில் ஒருத்தி மெல்லிய குரலில், "கதவைச் சாத்திட்டுப் போங்க, பிள்ளை தூங்குது" என்றாள். அடுக்களை வாசலில் நின்ற எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இவர் காத்துக்கொண்டிருந்தார்.

"போடு மாப்ளே."

தம்பி என்னைப் பார்த்தான். திரும்பவும் அதே இடத்தை ஓட்டினான். அடுத்த ஒயருக்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டினான்.

"ஏதோ உம்முனு வருது. பேச்சையே காணோமே?"

தம்பி தடுமாறிப்போனான். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் காதருகே குனிந்து, "ஒயர் கோளாறுதான் மாமா. நான் வேற வாங்கிட்டு வரேன்" என்று கத்தினான்.

"நான் சொல்லலை?" என்று கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது.

"ஒயர் நல்லாத்தான் இருக்குங்க" என்றேன். கண்ணை மூடியிருந்தவர் அசையவில்லை. போய் எதிரே உட்கார்ந்து முழங்காலைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

"ஒயர் நல்லா இருக்கு. பக்கத்து வீட்டுக்கே கேட்குது. உங்களுக்குத்தான் கேட்கலை."

தம்பி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது.

"மெஷின் சத்தம் கேட்குதுடி" என்றார். "அது நல்லாக் கேட்குது."

நான் தலையாட்டினேன். அவரே ரிமோட்டை எடுத்து அந்த இடத்துக்குப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"அவ என்ன சொல்றா?"

திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நான், என் பின்னாலிருந்து வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. திரையின் வெளிச்சம் முகத்தில் மாறி மாறி விழ, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.