மாலைக்குப் பின்னால் ஒரு வருடம்

கலாதேவி நாற்காலி மேல் ஏறி, அப்பாவின் இரங்கல் பேனரில் ‘தோற்றம் 1943’ என்ற இடத்தை மறைக்கிற மாதிரி சாமந்தி மாலையை இழுத்துவிட்டாள். அது வழுக்கி வழுக்கி இறங்கியது. மறுபடி ஏற்றிக் கட்டினாள்.

“என்னக்கா பண்றே, படம் கோணுது,” என்றான் தம்பி யுகேந்திரன்.

“இந்த வருசத்த யாருடா போடச் சொன்னா? ஐ.சி. கார்டுல அம்பத்தொண்ணுதானே இருக்கு?”

“அது செத்துப்போன சித்தப்பா வயசுலா. கடைசியிலயாச்சும் அப்பா வயசு அப்பாவுக்கு இருக்கட்டும்.”

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பிறந்த அப்பாவுக்குப் பிறப்புப் பத்திரமே கிடையாது. எட்டு வயது இளைய தம்பி காய்ச்சலில் போனதும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அவன் பிறப்புப் பத்திரத்தை அண்ணன் கையில் கொடுத்து வேலையை முடித்துவிட்டார். ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இருக்கும் வருசம் மட்டுமல்ல, சின்னையா என்ற பெயர்கூடத் தம்பியுடையதுதான். “தம்பி வயசுல ஓட்டுறேன்லா,” என்று அப்பா சிரிப்பார். மூன்று வாரத்துக்கு முன்பு வரை கலாதேவியும் கூடச் சிரித்தவள்தான்.

அன்று ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. டாக்டர் ஐ.சி.யைத் திருப்பிப் பார்த்தார். “எழுபத்தஞ்சு தாண்டியிருந்தா சின்ன வயசு ஆளுக்குத்தான் குடுப்போம், இல்லேன்னா மொதல்ல வந்தவருக்கு. இவருக்கு எழுபத்துநாலுதானே?”

கலாதேவி தலையாட்டினாள். பெற்ற அப்பன் மூச்சுக்குத் திணறும்போது உண்மை பேச எந்த மகளுக்கு வாய் வரும்?

பக்கத்துக் கட்டிலில் லாரி ஓட்டும் விக்னேஸ்வரன் கிடந்தான். முப்பத்தொரு வயது. வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள், வழியில் ஜெலாப்பாங் ஊரைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அவன் மனைவி புனிதா அதற்கு முன் இரண்டு மணி நேரம் கலாதேவியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தைந்து வயதுக் கணக்கை டாக்டர் அவளிடமும் சொல்லியிருந்தார். தன் மைலோவில் பாதியை ஊற்றிக் கொடுத்து, “ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா,” என்றாள்.

அப்பா அந்த மெஷினில் பத்தொன்பது நாள் இருந்தார். குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிப் போட்டார்கள். கட்டிய கையாலேயே விரலை அசைத்து அவர் மகளைக் கூப்பிட்டார். யாருக்காக அந்த நாட்களை வாங்கினோம்?

இன்று காலையில் புனிதாவிடமிருந்து செய்தி வந்தது. ‘அவருக்குப் பதினாறு முடிஞ்சிருச்சி. வாரேன்கா.’

வந்தும்விட்டாள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் பேனரை அண்ணாந்து பார்த்தபோது கலாதேவிக்கு உயிரே போய் வந்தது. மாலை நழுவாமல் நின்றது. புனிதா அவள் கையைப் பிடித்து, “நல்லா பாத்துக்கிட்டீங்கக்கா,” என்றாள். அதற்குப் பதிலாகக் கலாதேவியை அவள் ஒரு அறை விட்டிருக்கலாம்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். புனிதா குழந்தையைக் கலாதேவியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு பிடி அரிசி அள்ளினாள்.

“அழுவாதம்மா,” என்றார் அவள் பக்கத்தில் நின்ற அர்ச்சுனன் மாமா, பெருமையாக. “கல்யாணச் சாவு இது. எம்பத்திரெண்டு வயசு, லேசா?”

“எம்பத்திரெண்டா?” என்றாள் புனிதா.

“பின்ன? ஐ.சி.யிலதான் கொறச்சி போட்டிருக்கு.”

மாமா சொல்லிவிட்டு நெய்ப்பந்தத்துக்குப் பேரப்பிள்ளைகளைத் தேடிப் போனார்.  கலாதேவியின் இடுப்பிலிருந்த குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து விளையாடியது.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். புனிதாவின் கை அப்பாவின் வாய்க்கு மேலே அப்படியே நின்றது. மூடிய விரல்கள் திறக்கவில்லை.