தாளம் இறங்கும்வரை

உறுமி இல்லை என்பதால்தான் அம்மாவை அழைத்து வந்தேன்.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கீழே விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தம் கசிவது நிற்காது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அம்மா மேல் மாரியம்மன் இறங்குவாள் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. உறுமிச் சத்தம் கேட்டால் இறங்குவாள். அதனால் அறுவைக்குப் பிறகு உறுமி அடிக்கும் எந்தத் திருவிழாவுக்கும் அம்மாவைக் கூட்டிப் போவதில்லை.

எங்கள் பாட்டுக் குழுவில் கீபோர்டு, பேஸ் கிட்டார், குரல்கள், கைத்தட்டல் அவ்வளவுதான். நடத்துபவர் பிரேம்நாத் அண்ணன். செட்டியார் வீட்டுப் பிள்ளை. சிறுவயதில் கோயிலில் கூட்டாக உட்கார்ந்து பதிகம் ஓதிப் பழகியவர், இப்போது ஈப்போவில் ஒரு ஹோட்டலில் ஜாஸ் வாசிக்கிறார். அந்தப் பதிகங்களைப் பண் மாறாமல் வைத்துக்கொண்டு, அமெரிக்கக் கறுப்பினத்தார் தேவாலயத்தில் பாடும் கோஸ்பல் பாட்டின் கைத்தட்டலையும் அவர்களுடைய சோல் பாட்டின் இழுப்பையும் சேர்த்தார். பிரமிளா அக்கா ஓர் அடியைப் பாடுவார். நாங்கள் ஆளுக்கொரு சுரத்தில் சேர்ந்து பதில் பாடுவோம். நான் பின்வரிசை. ஜெலாப்பாங்கில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் அதிகம் பேச வேண்டியதில்லை.

அன்று சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டக் கோயிலில் பாடப் போனோம். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. அம்மா பிறந்த தோட்டம்.

"உறுமி இல்லாம என்னலா திருவிழா?" என்றார் அம்மா காரில்.

"பாட்டும்மா. உக்காந்து கேக்கலாம்."

"நீயும் பாடுவியா? வாயத் தொறப்பியா?"

முன் இருக்கையில் பிரமிளா அக்கா சிரித்தார். "பின்னால நிப்பா, நல்லம்மாக்கா. மைக்க பக்கத்துல கொண்டு போனா, நாய் தொரத்துன மாதிரி ஓடுவா உங்க மக."

அபிஷேகம் முடிந்து, வெயில் ஏறியபின் பந்தலில் பாடத் தொடங்கினோம். அம்மா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கடைசிப் பதிகம்வரை நன்றாகத்தான் போயிற்று.

அந்தப் பதிகத்தில் கைத்தட்டல் ஏறிக்கொண்டே போகும். உச்சத்தில் அண்ணன் முஷ்டியை உயர்த்துவார். எல்லாம் சட்டென்று நிற்கும். "இந்த மௌனத்துக்குத்தான் இவ்வளவு பாட்டும்" என்பார் ஒத்திகையில்.

கைத்தட்டல் ஏறியபோது அம்மாவின் வலது காலின் விரல்கள் மடங்கின. எனக்கு அது தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அடுத்து தோள். அடுத்து கூந்தல் அவிழும்.

அவிழ்ந்தது.

உறுமியை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். கைகளை யோசிக்கவில்லை.

அம்மா எழுந்ததில் நாற்காலி சரிந்தது. அபிஷேகத் தண்ணீர் காயாத சிமெண்டுத் தரை. பிடிக்க வந்த இரண்டு பெண்களையும் உதறினார். பூசாரி பத்துமலை வேப்பிலையோடு ஓடிவந்தார்.

"யாரும் தொடாதீங்க. பாட்ட விட்றாதீங்க, தாளம் மெதுவா எறங்கட்டும்."

சாமி வந்திருக்கும்போது எங்கள் ஆட்கள் தாளத்தை வெட்ட மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தணிப்பார்கள். ஒரு தடவை உறுமித் தோல் கிழிந்து சத்தம் நின்றபோது, ஆடிக்கொண்டிருந்தவர் மரம் சாய்வதுபோல் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு இது தெரியாது. கைத்தட்டலில் பூசாரி கத்தியதும் அவருக்குக் கேட்கவில்லை. அவர் பழகிய இடத்தில் எல்லாரும் உட்கார்ந்து ஓதுவார்கள். அம்மா ஆடுவதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

அண்ணே வேணாம் என்று கத்த நினைத்தேன்.

முஷ்டி உயர்ந்தது. எல்லாம் நின்றது.

அம்மாவின் உடம்பும் பாதி அசைவில் நின்று, பின்பக்கமாகச் சாயத் தொடங்கியது.

நான் பாடினேன். பிரமிளா அக்காவின் அடி. தனியாக நான் பாடியதே இல்லை. குரல் பிளந்தது. கைகளைத் தட்டினேன். பந்தலில் என் கைச்சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவின் கால் பின்னால் போய்த் தரையைப் பற்றிக்கொண்டது.

பிரமிளா அக்கா முறைத்துத் திரும்பினார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளை. உடனே பதில் பாடினார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். அண்ணன் கடைசியில் வந்தார். அவர் கண்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் பாடிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி அம்மாவிடம் போனேன். தாளத்தை வேகமாகக் குறைத்தால் விழுவார். குறைக்காவிட்டால் இதயம் தாங்காது. பரிசோதனைக் கூடத்தில் நிறம் மாறப்போகும் கரைசலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதுபோல் குறைத்தேன். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டலைக் கழித்தேன். பேஸ் போயிற்று. கீபோர்டு போயிற்று. பக்கச் சுரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பண் மட்டும் இருந்தது. பத்துமலை திருநீறு பூசிப் பின்னால் ஒரு நாற்காலியைத் தள்ளினார். அம்மா உட்கார்ந்தார்.

குனிந்தபோது அம்மாவின் நெஞ்சிலிருந்து வால்வின் டிக் டிக் கேட்டது. பாட்டு மெதுவாகியும் அது மெதுவாகவில்லை. நான் பாடிக்கொண்டேயிருந்தேன். இன்னும் ஒரு முறை. இன்னும் மெதுவாக.

"போதும்" என்றது அம்மாவின் வாய்.

யார் சொன்னது என்று தெரியவில்லை. அந்தக் குரல் அம்மாவுடையதாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. நிறுத்தப் பயமாக இருந்தது. அடியை முடித்து, மூச்சு வாங்கும் இடைவெளியில் கேட்டேன்.

"என்ன மாத்திர சாப்புடுறீங்க?"

பத்துமலை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சாமிகிட்ட மாத்திர கேக்குறியாமா?"

அடுத்த அடியைத் தொடங்கினேன்.

"ரோசு ஒண்ணு, வெள்ள பாதி" என்றார் அம்மா. "பேரெல்லாம் எவனுக்குலா தெரியும். தண்ணி குடு மொதல்ல."

நிறுத்தினேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. பிரமிளா அக்கா அதை வாங்கித் திறந்து கொடுத்தார்.