நாலுக்கு முன்னால் ஐந்து

"நாலுக்கு அப்புறம் ஐஞ்சா, ஐஞ்சுக்கு அப்புறம் நாலா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஐஞ்சுக்கு அப்புறம்தான் நாலுன்னு எத்தனை தடவை..."

"புத்தக முதுகுல கொட்டை எழுத்துல நாலுன்னு போட்டிருக்குமே, அச்சடிச்சவனுக்கு எண்ணத் தெரியாதா?"

"அது பதிப்பாளர் பண்ணின குளறுபடி! நான் சின்ன வயசுலேர்ந்து..."

"சின்ன வயசுலேர்ந்து படிக்கிறீங்க. சரி. சின்ன வயசுலேர்ந்து பொய்யும் சொல்றீங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் காலுறையைத் தேடுவதுபோல் கட்டிலுக்கு அடியில் குனிந்தான். காலுறை அவன் கையிலேயே இருந்தது. அதை அவன் மனைவி பார்த்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்; தாங்கியில் ஒரு சோதனைக் குழாய் இடம் மாறியிருந்தாலும் கண்ணில் முள்ளாகக் குத்தும்.

சண்டை 'உதவாக்கரைப் படை'யைப் பற்றி. உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய, ஒன்றுக்கும் லாயக்கில்லாத வீரர்களின் சித்திரக்கதை. தும்மினால் கடிகாரங்கள் நின்றுபோகும் தும்மல்காரன் ஒருவன். அரை நிமிஷத்துக்கு முன் நடந்ததை மட்டும் பார்க்க முடிந்த பின்கண்ணன் ஒருவன். இந்த இரண்டையும் கட்டி மேய்க்கிற ஒட்டடை அத்தை. அவள் கையை உதறினால் எந்த வில்லனும் ஒட்டடையில் சிக்கித் தொங்குவான். பழைய இதழ்களையெல்லாம் சேர்த்து ஐந்து தடித்தடிப் புத்தகங்களாகப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் அவற்றை வாங்கிவந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்புறம் ஐஞ்சு, நாலு கடைசி" என்று வரிசை சொல்லி மனைவி கையில் திணித்தான். பொம்மைப் புத்தகம் என்று முகத்தைச் சுளித்தவள், ஒட்டடை அத்தை வந்த பக்கத்தில் கவிழ்ந்துவிட்டாள்.

ஐந்தாவதைத் திறந்தால் அத்தையைக் காணோம். தும்மல்காரன் மேலங்கியை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு திரிகிறான். பின்கண்ணன் பால் பொங்கி வழிந்த அரை நிமிஷத்துக்குப் பிறகு அடுப்பை அணைக்கிறான். தலைமையகத்தில் குப்பை முழங்கால் உயரம்.

"அத்தை எங்கங்க?"

"வருவா, வருவா. நீ படி."

அப்படிச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாவமா இல்ல, இவங்களைப் பாத்தா?" என்று கேட்டான்.

"எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்புதான் வருது."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. பொம்மைக்கு ஒரு மனுஷன் இவ்வளவு வாடுவானா? அங்கேதான் அவளுக்கு முதல் சந்தேகம் விழுந்தது. அலமாரியில் பார்த்தாள், மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஓட்டைப் பல் மாதிரி இடைவெளி.

"குண்டூசிகிட்ட குடுத்திருக்கேன்" என்றான் மெக்கானிக். குண்டூசி அவனோடு வேலை செய்கிற ஒல்லிப்பிச்சான். இன்று காலை சாவி கொடுக்க வந்தவனை அவள் வாசலிலேயே மடக்கினாள்.

"படக்கதையா? எனக்கா? போங்க அண்ணி, லிஃப்ட் பட்டன்ல இருக்கற நம்பரைப் படிக்கவே எனக்குச் சோம்பல்!"

அவன் படி இறங்குவதற்குள் உள்ளே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"யாருக்குக் குடுத்தீங்க? லிஃப்ட் ரிப்பேர், ரிப்பேர்னு வாராவாரம் ஓடறீங்களே அந்த மாடிக் கட்டடத்துக்கு, அங்க யாராவது படிக்கிறாங்களா?"

"அடிப்பாவி! அங்க இருக்கறது பல் டாக்டர். அவருக்கு மீசை இவ்வளவு இருக்கும்!"

கேட்டுவிட்டாளே தவிர, அவளுக்கே உள்ளுக்குள் உறுத்தியது. மறைப்பதைப் பற்றிப் பேச அவளுக்கு மட்டும் என்ன யோக்கியதை? வேறு ஊரில் திறக்கப்போகிற புதுக் கிளைக்கு அவளைத் தலைவியாகப் போகச் சொல்லியிருந்தார் பெரிய டாக்டர். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். தங்கையிடம் போனில் கொட்டித் தீர்த்தவள், புருஷனிடம் நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த நேரம் வந்தபாடில்லை.

மெக்கானிக் காலுறையை மாட்டியபடி, மூலையில் கிடந்த சாமான் பையைக் குதிகாலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினான். அவள் எழுந்தாள்.

"அதுல கை வைக்காத, கிரீஸ் ஒட்டும்!"

"ஒட்டட்டும்."

ஸ்பானர்களுக்கு அடியில், அழுக்குத் துணி சுற்றி இருந்தது நாலாவது புத்தகம். அவள் நின்றபடியே புரட்டினாள். ஒட்டடை அத்தை பெட்டி கட்டுகிறாள். தூரத்து ஊரில் ஒரு கலங்கரை விளக்கம், பொறுப்பு முழுக்க அவளுடையது. ஒரு பக்கம் முழுதும் ஒரே படம்: விளக்கின் உச்சியில் அத்தை, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காற்றில் முந்தானை பறக்க, வாய் கொள்ளாத சிரிப்பு.

அவள் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "எங்க லேப்ல ரத்தம் எடுக்க ஒரு வரிசை உண்டு" என்றாள். "ஊதா மூடிக் குழாயை முதல்ல எடுத்துட்டா, அதுல இருக்கற மருந்து ஊசி வழியா அடுத்த குழாய்க்குத் தொத்திக்கும். அடுத்த ரிசல்ட் பொய்யா வரும். அந்த வேலையைத்தான் என்கிட்ட பண்ணியிருக்கீங்க. அத்தை போனப்புறம் வீடு நாறிப்போனதை முதல்ல ஊட்டிட்டு, அவ சிரிக்கறதை அப்புறமா காட்டப் பாத்தீங்க."

"முழுசா மறைக்கணும்னு இல்லம்மா. திங்கக்கிழமை தாண்டிட்டா நானே எடுத்துக் குடுத்..."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"திங்கக்கிழமையா?" அவள் குரல் இறங்கியது. "அது உங்களுக்கு யாரு சொன்னது?"

"உன் தங்கச்சி. எனக்குத் தெரியும்னு நினைச்சு, வாழ்த்துச் சொன்னா."

"எப்போ?"

"நான் இந்தப் புத்தகத்தை வாங்கறதுக்கு முன்னாடி." அவன் அவள் கையிலிருந்து நாலாவதை வாங்கி, துணியால் அட்டையைத் துடைத்து, அலமாரியில் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் செருகினான். திரும்பாமலே கேட்டான்:

"நான் வரிசையை மாத்தினேன், தப்புதான். நீ எந்த வரிசையில சொல்றதா இருந்த, முதல்ல போயிட்டு, அப்புறமா எனக்குச் சொல்றதாவா?"