முன்னாடி இருந்தவர்

கல்லூரியில் சர்வர் இரண்டு. ஒன்று, அலமாரி உயரத்துக்கு நின்று இரைந்துகொண்டிருக்கும் இயந்திரம். மற்றது, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள். இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டதில் வந்த குழப்பத்தை இலக்கணம்தான் தீர்த்துவைத்தது. "சர்வர் படுத்துடுச்சு" என்றால் இயந்திரம். "சர்வர் படுத்துட்டார்" என்றால் மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. பையன் சர்வராக இருக்கிறான் என்று அம்மா பெருமையாகச் சொல்லப்போய், எந்த ஹோட்டலில் என்று சொந்தக்காரர்கள் கேட்டதிலிருந்து, வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வேலையை வாங்கிக் கொடுத்தவள் அக்கா. அங்கே விலங்கியல் விரிவுரையாளர். "என் தம்பி சார். கெட்டிக்காரன். அவனுக்கு நான் பொறுப்பு" என்று முதல்வரிடம் சொன்னாள். அதற்கு முன் அந்த வேலையே கல்லூரியில் கிடையாது. உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை ஒழித்து, ஏசி மாட்டி, இயந்திரத்தையும் தம்பியையும் ஒரே நாளில் உள்ளே வைத்தார்கள்.

அன்றைக்கே திரை அவனை ஒரு கேள்வி கேட்டது: பிளாக் சைஸ் எவ்வளவு? ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு எம்பி என்று வரிசையாகக் காட்டியது. விஷயம் இவ்வளவுதான்: ஒரு கோப்பு எத்தனை படி ஏறலாம் என்பதை இயந்திரம் முன்பே முடிவு செய்துவிட்டது. ஒரு படியின் உயரம் என்ன என்பதை மட்டும் நம்மிடம் விடுகிறது. குட்டிப் படி வைத்தால் குட்டி மாடிதான். அப்புறம் உயர்த்த முடியாது. உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, இடித்துத் தரைமட்டமாக்கி, மறுபடி கட்ட வேண்டும். தம்பி அப்போது போனில் நண்பனிடம், "நான் இல்லேன்னா இங்க ஒண்ணும் நடக்காது மச்சான்" என்று விளக்கிக்கொண்டிருந்தான். 'ஒன்று' ஏற்கெனவே தேர்வாகி நின்றது. பேச்சு கெடாமல் என்டரைத் தட்டினான்.

அதற்குப் பிறகு மதிப்பெண், வருகைப்பதிவு, நூலகம் எல்லாம் அந்தக் குட்டிப் படிகளில் குடியேறின. யாருக்கும் தலை இடிக்கவில்லை. அக்கா தவளைகளோடு வரும்வரை.

கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தவளைச் சத்தத்தைப் பதிவு செய்திருந்தாள். கொசு அவளைத் தின்றது போக மிச்சம்தான் வீடு வந்து சேரும். எந்தத் தவளை எப்போது கத்துகிறது என்று கணக்கெடுக்க ஒரு மென்பொருள் இருந்தது. அதற்குப் பதிவுகள் எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும். இயந்திரத்தின் கணக்கில் ஒரு டிஸ்க் என்பதும் ஒரு கோப்புதான்.

"நானூறு ஜிபி போதும்டா."

"இதெல்லாம் ஒரு விஷயமாக்கா?" என்றான். இயந்திரம் இருநூற்றைம்பத்தாறைத் தாண்ட மாட்டேன் என்றது. திட்டிப் பார்த்தான். வழிகாட்டியைப் படித்தான். படித்து முடித்தபோது ஏசி அறையில் காது சுட்டது.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் தேர்வு முடிவு வெளிவரும் சமயம். இயந்திரத்தை நிறுத்த முதல்வரிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எனவே முதல்வர் அறையில், அக்காவையும் வைத்துக்கொண்டு, "ஒரு ஆளுக்கு இருநூத்தம்பத்தாறுதான் சார். அது இயந்திரத்தோட விதி" என்றான்.

"விதின்னா என்ன பண்றது" என்று முதல்வர் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அக்கா பதிவுகளைக் குறைக்கத் தொடங்கினாள். அவ்வப்போது எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவுடா?" என்பாள். "இன்னும் கொஞ்சம்கா" என்பான், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். கடைசியில் அடைமழை ராத்திரிகளை மொத்தமாக விட்டுவிட்டாள். அவைதான் கனமானவை. பதிவு செய்ய இரவல் வாங்கியிருந்த டிஸ்க்குகளை இயற்பியல் துறைக்குத் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் அன்றே அழித்து, அவற்றின்மேல் தங்கள் ஊசல் சோதனைகளை ஏற்றிக்கொண்டார்கள்.

"ஒரு சின்னக் குரல் தவளை இருந்துச்சு. அடைமழையில மட்டும்தான் கத்தும்" என்றாள் சாப்பிடும்போது. "பரவாயில்ல. இவன்தான் அலைஞ்சு திரிஞ்சு இவ்வளவு இடமாவது பிடிச்சுக் கொடுத்தான். இல்லேன்னா இதுவும் இல்லம்மா."

அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். அவன் அதைக் குழம்பு ஊற்றாமலே பிசைந்துகொண்டிருந்தான்.

அடுத்த வாரம் பராமரிப்புக்கு, இயந்திரத்தை விற்ற கம்பெனிக்காரர் வந்தார். முதல்வர் மரியாதைக்கு நின்றார். அக்கா, கணக்கு ஓடுகிறதா என்று பார்க்க வந்திருந்தாள். கம்பெனிக்காரர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"யாரு சார் பிளாக் சைஸை ஒண்ணுல வச்சது? எட்டு வச்சா ஒரே டிஸ்க் ரெண்டு டிபி, அதாவது ரெண்டாயிரம் ஜிபி வரைக்கும் போகுமே! இவ்வளவு பெரிய மெஷினை வாங்கி, கழுத்துல கயிறு கட்டி வச்சிருக்கீங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"முன்னாடி இருந்தவர் வச்சது சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவனுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவை உடைந்த நாற்காலிகள்.

முதல்வருக்கு அது நினைவில்லை. அக்காவுக்கு இருந்தது. அந்த நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட ஒரு கை கொடுத்தவளே அவள்தான். அவள் வாயைத் திறந்தால் போதும். அவன் தரையில் ஓடிய ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒயராகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஆமா சார்" என்றாள் அக்கா. "முன்னாடி இருந்தவர்தான்."

"நல்லவேளை, போயிட்டார்" என்றார் முதல்வர்.

"எங்க போனாலும் இதையேதான் பண்ணிட்டு இருப்பார்" என்று கம்பெனிக்காரர் சிரித்தார். தம்பியும் கூடச் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தான். பிறந்ததிலிருந்து அவ்வளவு கேவலமாக அவன் சிரித்ததில்லை.

தேர்வு முடிவு வெளியான பின் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குகளுக்கு மாற்றி, பழையதை அழித்தான். திரை அதே கேள்வியைக் கேட்டது. போனை அணைத்து இழுப்பறையில் போட்டுவிட்டு எட்டைத் தேர்ந்தெடுத்தான். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"இப்ப எவ்வளவு கொள்ளும்?"

"ரெண்டு டிபி கிட்ட."

"அடேயப்பா" என்றாள். "வைக்கத்தான் ஒண்ணும் இல்ல."

அவன் திரும்பவில்லை. "அக்கா... அது... அந்த முன்னாடி இருந்தவர்..."

"அவரைப் பத்தித்தான் பேச வந்தேன். எங்கயாவது பார்த்தா சொல்லு. அடுத்த மழைக்குக் குளத்துக்குப் பக்கத்துல மைக்கைப் பிடிச்சுட்டு அவர்தான் உக்காரணும். சின்னக் குரல் கேக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"சொல்றேன்கா."

வாசல்வரை போனவள் நின்றாள்.

"குடை வச்சிருக்காரா அவரு?"

"இல்லக்கா" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"வேண்டாம். குடையில மழை விழுந்தா மைக்குல சத்தம் வரும்."