பங்குப் பழம்

சோற்றுக்குப் பக்கத்தில் பச்சையாகக் கிடந்ததை அவர் கையால் தொடாமல் கண்ணாலேயே எடைபோட்டார். பீன்ஸ். சாக்குக்கு நாற்பத்தைந்து கிலோ. வாய் தைத்த இடத்தில் சணல் நுனி பிடரியில் குத்திக்கொண்டே வரும். மழையில் நனைந்த சாக்கென்றால் ஐம்பதுக்குக் குறையாது. முப்பது வருஷமாகக் காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறவருக்குக் காய் என்றால் முதலில் எடை, அப்புறம் தோள்வலி. ருசி என்று ஒன்று அதற்கு இருப்பதாக அவர் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

“பார்த்துக்கிட்டே இருந்தா அது தானா வயித்துக்குள்ள போயிடுமா?” என்றாள் மனைவி. அடுப்படி வாசலில் சுவரில் சாய்ந்து, வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“மாடு திங்கிறதைக் கொண்டாந்து மனுஷன் தட்டுல வச்சிருக்கே.”

“மாட்டுக்குக் கால் விரல் கறுக்கல. உங்களுக்குத்தான் கறுத்திருக்கு.”

அவர் குனிந்து காலைப் பார்த்தார். இடது கால் இரண்டாவது விரல், முற்றி அழுகப்போகிற கத்திரிக்காய் மாதிரி நுனியில் கறுத்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன் பெட்டி ஒன்று விழுந்து பட்ட காயம். ஆறும் ஆறும் என்று மஞ்சளை அப்பிக்கொண்டு திரிந்தவரைப் பெரிய மகள்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே, அந்த மகளைவிடச் சின்னவளாக இருந்த டாக்டரம்மா சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் எப்படி மூட்டை தூக்கினீங்க?” என்றாள். பிறகு ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பிவைத்தாள். பாதித் தட்டுக் காய், கால் தட்டுச் சோறு, தினம் ஒரு பழம்.

“பாதித் தட்டா?” என்றார் அவர்.

“மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை உங்க வாய்தான் செய்யணும். மூணு மாசம் பார்ப்போம். சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்க வேண்டி வரும். எங்க வேலை பார்க்கிறீங்க?”

“காய்கறி, பழ மண்டியிலதாம்மா.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அப்போ பழம் கிடைக்கலன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லிடாதீங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. லாரிக்கும் தரைக்கும் நடுவே போட்ட ஒற்றைப் பலகையில் முதுகில் மூட்டையோடு இறங்குகிறவனுக்குக் கண் உதவாது. குனிந்த தலைக்குக் கீழே பலகையைக் கவ்விப் பிடிப்பது கால்விரல்தான். விரல் போன ஒருவன் மண்டியில் இருந்தான். ஒரு காலத்தில் இரட்டை மூட்டை தூக்கினவன், இப்போது வெங்காயக் குவியல் முன்னால் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனை அண்ணே என்று கூப்பிடுவதில்லை.

பீன்ஸை மூன்று விரலால் அள்ளி வாயில் போட்டு, மாத்திரை விழுங்குவதுபோலத் தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினார். கண்ணில் நீர் வந்தது.

“பிரசவ வலி மாதிரியில்ல முக்குறீங்க” என்றாள் அவள்.

*

மண்டியில் அவருக்கு முட்டையண்ணன் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இறக்கும்போது அடிபட்டு நசுங்கின பழத்தை விற்க முடியாது. வேலை முடிந்ததும் அதைச் சுமைக்காரர்கள் கூறுபோட்டு எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பங்கு என்று பெயர். பங்கில் மூத்தவன் இளையவன் கிடையாது, எல்லோருக்கும் ஒரே கூறு. மற்றவர்கள் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவர் மட்டும் தன் கூறை அப்படியே டீக்கடைக்காரனிடம் தள்ளிவிடுவார். அவன் அதைப் பிழிந்து சாறாக்கி விற்பான். பதிலுக்கு அவருக்கு ஒரு அவித்த முட்டை, இரண்டு டீ. இந்த ஏற்பாடு முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் நடந்தது.

அவர் பழத்தை வெறுத்ததற்கும் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் கூலி கைக்கு வரும்வரை, மண்டியிலேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு நாற்பது நாள் பங்குப் பழத்தை மட்டுமே தின்று உயிரை வைத்திருந்தார். அழுகல் பாதி, நல்லது பாதி. வாயெல்லாம் புண்ணாகி, வயிறு பிடுங்கிக்கொண்டு, லாரிக்குப் பின்னால் ஓடி ஓடி உட்கார்ந்த நாட்கள். முதல் கூலியில் சோறும் கறியும் வாங்கித் தின்றபோதே இனி இந்தக் கருமத்தை வாயில் வைப்பதில்லை என்று முடிவுசெய்துவிட்டார். பட்டினியோடு சேர்ந்து பழமும் ஒழிந்தது என்றுதான் அவருக்குக் கணக்கு.

மறுநாள் தன் கூறைத் தானே ஒரு பையில் அள்ளியபோது டீக்கடைக்காரன் முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?”

“டாக்டர் சொல்லிட்டா.”

“முப்பது வருஷம் உங்க பழத்துலதான் என் கடையே ஓடுச்சு. இப்போ நான் என்னத்தைப் பிழியறது, உங்க துண்டையா?”

எல்லோரும் சிரித்தார்கள். வெங்காயம் பொறுக்குகிறவனும் தலை நிமிராமல் சிரித்தான். அவரும் சிரித்துவைத்தார். பையில் ஏழு ஆரஞ்சு. இரண்டு மட்டும் லேசாக நசுங்கியிருந்தன, மற்றவை பெட்டி உடைந்து உருண்டவை, முழுசு.

*

வீட்டுக்குள் நுழைந்து பையை வைத்ததும் அவள் எழுந்துவந்துவிட்டாள். கால் வீங்கினதிலிருந்து எதற்கும் சட்டென்று எழாதவள். பையைத் திறக்கவில்லை. அதன் வாயில் முகத்தை வைத்து, கண்ணை மூடி, இழுத்து ஒரு மூச்சு விட்டாள்.

“விடியக்காலையில வந்த முதல் லாரிச் சரக்கு” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போன வாரம் முழுக்க உங்க சட்டையில இந்த வாசனைதானே. அதுக்கு முந்தின வாரம் வந்தது வேற. அதுல கொஞ்சம் கசப்பு இருக்கும். கொய்யா வந்த அன்னிக்கு முதுகுப் பக்கம் மணக்கும். மாம்பழ மாசத்துல சட்டையை ரெண்டு நாள் ஊறப்போடாம கொடியிலேயே போட்டு வச்சிருப்பேன்.”

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

“பழம்னா உனக்குப் பிடிக்குமா?”

“பிடிக்காதுன்னு யார் சொன்னது?”

“அப்போ ஒரு நாளாவது கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டேனே. பெரியவ வயித்துல இருந்தப்போ. வாய்க்கு ஒண்ணும் ஒப்பல, ஒரு ஆரஞ்சு கிடைச்சா தேவலன்னு கேட்டேன். நீங்க ரெண்டு முட்டை கொண்டாந்தீங்க. இதுல சத்து அதிகம், அதெல்லாம் மனுஷன் திங்கிறதான்னீங்க.” கோபமே இல்லாமல், மழை பெய்த கதை சொல்வதுபோலச் சொன்னாள். “அப்புறம் உங்க கூட்டாளி ஒருத்தர் வாசல் வரைக்கும் பழத்தோட வந்தார். எங்க வீட்டுல யாரும் பழம் திங்கமாட்டோம்னு சொல்லி அனுப்பினீங்க. நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். யாரும்னா அதுல நானும் உண்டுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

அவர் பையைக் கவிழ்த்தார். ஆரஞ்சுகள் தரையில் உருண்டன. அதில் பெரியதாக ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“இந்தா, தின்னு. இனிமே தினம் கொண்டாரேன். முழுப் பங்கும் கொண்டாரேன்.”

அவள் மடியிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு அடுப்படிச் சுவரைப் பார்த்தாள்.

சுவரில் இரண்டு தாள்கள் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று நேற்று ஒட்டிய அவருடைய தாள். இன்னொன்று புகையேறிப் பழுப்பாகிப்போனது, அவளுடையது. சிறுநீரகம் பழுதென்று இரண்டு வருஷமாகப் பெரிய மகள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாத்திரை உண்டு, தண்ணீர் அளவாகக் குடிக்கவேண்டும் என்பது மட்டும்தான். அடுப்படிச் சுவரில் இருப்பது அடுப்படிக்காரியின் விவகாரம் என்று அந்தத் தாளை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவருக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதில், சுமைக்காரர் சங்கத்து மாலை வகுப்பில். இன்னும் விரல் வைத்தால்தான் வரி பிடிபடும்.

விரலை வைத்தார். ஆ, ரஞ், சு. ஆரஞ்சு. கொய்யா. வாழைப்பழம். மாம்பழம். கீரை. தக்காளி. பக்கத்துத் தாளுக்கு விரலை நகர்த்தினார். கீரை. தக்காளி. கொய்யா. ஆரஞ்சு. ஒரே பெட்டியை இரண்டு லாரியில் ஏற்றினமாதிரி அதே பெயர்கள். மேலே இருந்த தலைப்பு மட்டும் வேறு. அவருடையதில் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. அவளுடையதில் அறவே தவிர்க்க வேண்டியவை.

அவள் தனக்குக் காயை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, கொட்டி, வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு எடுப்பதை இரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். காய் சமைப்பதே அப்படித்தான் என்று நினைத்திருந்தார்; சிறுநீரகத்துக்கு ஆகாததை அவள் இறக்கிக் கொட்டுகிறாள் என்று தோன்றியதில்லை.

“ஒண்ணுகூடக் கூடாதா?” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

“ஆப்பிள் ஒரு துண்டு திங்கலாம்னாங்க.” மூக்கைச் சுளித்தாள். “ஆப்பிள்ல என்ன வாசனை இருக்கு?”

அவர் மற்ற ஆறையும் பைக்குள் போட ஆரம்பித்தார். “எனக்கும் வேணாம். கொண்டுபோய் டீக்கடையில கொடுத்துடறேன்.”

“உட்காருங்க.”

“வேணாங்கிறேன்ல.”

“விரல் போயி நீங்க வீட்டுல உட்கார்ந்தா, ரெண்டு நோயாளியை யார் பார்க்கிறது? பெரியவளா? அவளுக்கே மாமியார் படுத்த படுக்கை. உட்காருங்கன்னா உட்காருங்க.”

உட்கார்ந்தார். அவள் மடியிலிருந்த ஆரஞ்சின் தலையில் நகத்தை வைத்துக் கீறினாள். இதுவரை ஒரு ஆரஞ்சைக்கூட இந்த வீட்டில் உரித்திராதவள், ஒரே சுற்றில் தோலை அறுபடாமல் எடுத்தாள். வெள்ளை நார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். சுளைகளைப் பிரித்துத் தட்டில் வட்டமாக அடுக்கினாள். பத்துச் சுளை. தோலைக் கீழே போடவில்லை, புடவை மடிப்பில் செருகிக்கொண்டாள். சாறு பட்ட விரல்களை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், பிறகு நினைவு வந்தவளாகக் கீழே இறக்கினாள்.

“தின்னுங்க.”

ஒன்றை வாயில் போட்டார். வழக்கம்போல விழுங்கத் தண்ணீருக்குக் கை நீண்டது. அவள் சொம்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“மென்னு தின்னுங்க. மாத்திரையா அது?”

மென்றார். சாறு நாக்கில் உடைந்து பரவியது. நாற்பது நாள் அழுகலைத் தின்ற வாய்க்கு அது அடையாளம் தெரியாத ஏதோ ஒன்றாக இருந்தது. இப்படி இருக்கும் என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை.

“எப்படி இருக்கு?”

“புளிப்பு” என்றார் அவர். “வாயில வைக்க முடியல. சரக்கு மட்டம்.”

“பொய்” என்றாள் அவள். “இது இனிப்புச் சரக்கு. சட்டைக்குத் தெரியும். சொல்லுங்க.”

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எடை கேட்டால் கிராம் பிசகாமல் சொல்வார். அடுத்த சுளையை எடுத்து வாயில் போட்டு மென்றார். அப்புறம் இன்னொன்று. தட்டில் இன்னும் ஏழு இருந்தது. தலை நிமிர்ந்தபோது அவள் கொஞ்சம் முன்னால் குனிந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாடை அசைய அசைய, எதிரே அவள் தாடையும், வெறும் வாயோடு, மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.