முதல் பாகம் காணவில்லை

என் அப்பா பாக்கியசீலன் முப்பத்து நான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கியவர். ஓய்வு பெற்றதும் அடுக்க ஒன்றும் கிடைக்காமல் கை அரித்தது. அம்மாவின் மசாலா டப்பாக்களை அகர வரிசையில் வைத்தார். மல்லித்தூள் என்று நினைத்துச் சீரகத்தூளை அள்ளிப் போட்டு அன்றைய மீன்குழம்பு வீணானதும், அம்மா கரண்டியோடு வந்தாள். அதற்குப் பிறகு அவர் கவனம் வீட்டு வீடியோக்களின் மேல் திரும்பியது.

ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியோடு இணைத்தான். "அண்ணாச்சி, எல்லா வீடியோவையும் இதுல போட்டுட்டு நீங்க பாட்டுக்கு காலை நீட்டி உக்காருங்க. பேரைப் பாத்து இன்ன படம்னு அதுவே கண்டுபிடிக்கும். போஸ்டர் ஒட்டி, கதைச்சுருக்கம் போட்டு, வரிசையா அடுக்கிரும். மெஷின்லா, தப்பே பண்ணாது."

கடைசி வார்த்தையை அப்பா வேதவசனம் போலப் பிடித்துக்கொண்டார்.

பெட்டி வேலையை ஆரம்பித்தது. அதன் வேலை என்னவென்றால், நாம் வைத்த பெயரை உலகத்துப் படங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, எது கொஞ்சம் ஒத்துப்போகிறதோ அதை ஒட்டிவிடுவது. அம்மாவின் பெயர் பியூலா. 'பியூலா கல்யாணம்' என்ற வீடியோவுக்கு ஏதோ வெளிநாட்டுப் பேய்ப்படத்தின் போஸ்டர் வந்தது. வாயில் ரத்தம் ஒழுக ஒருத்தி நின்றாள். கீழே கதைச்சுருக்கம்: 'அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தவர் நிம்மதியாகத் திரும்பியதில்லை.' அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தாள். "சரியாத்தான் போட்டிருக்கு. உள்ள நுழைஞ்சது நாந்தான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது நான். பதினாறு வயதில், வெள்ளைச் சேலையும் முக்காடுமாகப் பேராயர் முன்னால் மண்டியிட்ட வீடியோ. எங்கள் சர்ச்சில் அந்தச் சடங்குக்குத் திடப்படுத்தல் என்று பெயர். பெட்டி அதை உடற்பயிற்சிப் பிரிவில் சேர்த்து, எண்ணெய் தடவிய ஒரு தடியன் கையை மடக்கிக் காட்டும் படத்தை ஒட்டியிருந்தது.

"அப்பா, இதை மாத்துங்க."

"இருக்கட்டும்ட்டி. அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கும்."

எண்கள் இன்னும் மோசம். பெயருக்குப் பின்னால் எந்த எண்ணைக் கண்டாலும் அது பாக எண் என்று பெட்டி முடிவு கட்டிவிடும். நாங்கள் மூன்றாம் தேதி பாய் வாங்கப் போன வீடியோவுக்கு அப்பா 'பத்தமடை 3' என்று பெயர் வைத்திருந்தார். திரையில், 'மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகங்கள் காணவில்லை. தேடவா?' என்று வந்தது. இரண்டு நாள் பீரோவைக் குடைந்து அப்பா அந்த இரண்டு பாகங்களையும் தேடினார். எடுக்காத வீடியோவைத் தேடிய மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று என் கைப்பையில் இருந்தது. அது என் ராஜினாமாக் கடிதம்.

நான் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஏழு வருடமாகக் காலை பஸ்ஸில் இடித்துப் பிடித்து ஏறி, பாதி தூரம் நின்றே போகிறேன். ஆனாலும் அந்தப் பள்ளி எனக்கு உயிர். பாளையங்கோட்டை பெனோ வீட்டில் சம்பந்தம் பேசியபோது அவன் அம்மா போட்ட ஒரே நிபந்தனை, நான் வேலையை விட வேண்டும் என்பதுதான். "ஒரு இடத்துல பேச்சு நின்ன பொண்ணு. நாங்கன்னதால பெரிய மனசு பண்ணி வாரோம்" என்றார்.

அந்தப் பழைய பேச்சு என்ன தெரியுமா? ஒரு குடும்பம் வந்தது, ஆளுக்கு இரண்டு தட்டு கேசரி தின்றது, போனது, போனே பண்ணவில்லை. கேசரி தின்றவர்கள் அவர்கள், பெயர் கெட்டது எனக்கு.

அப்பா உடனே தலையை ஆட்டிவிட்டார். மூன்று வாரம் நான் சொல்லாத நாளில்லை. "வேலையை விட முடியாதுப்பா. எனக்கு அது வேணும்." ஒவ்வொரு முறையும் "எல்லாம் போகப் போகச் சரியாயிரும்ட்டி" என்றார். ராஜினாமாக் கடிதத்தையும் அவரே, 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கி மூன்று நகல் எழுதினார். கையெழுத்து மட்டும் பாக்கி. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை பெனோவும் அவன் அம்மாவும் வந்தார்கள். நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் இரண்டாம் தேதி. வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்திருந்த அழைப்பிதழ் வீடியோவைப் பெரிய டிவியில் போட்டுக் காட்ட அப்பாவுக்கு ஒரே ஆசை. வழக்கப்படி பெயருக்குப் பின்னால் தேதியைப் போட்டு, 'பெனோ நிச்சயம் 2' என்று பெட்டிக்குள் தள்ளியிருந்தார்.

உட்கார்ந்ததும் பெனோவின் அம்மா, "அண்ணாச்சி, கடுதாசியக் குடுத்தாச்சா?" என்றார்.

"திங்கக்கிழமை குடுத்துருவா மைனி. முதல்ல இதைப் பாருங்க. மெஷின் எப்படி அடுக்குதுன்னு பாருங்க!" அப்பா ரிமோட்டை அமுக்கினார்.

திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'பெனோ நிச்சயம். இரண்டாம் பாகம். முதல் பாகம் காணவில்லை. தேடவா?'

எனக்குச் சிரிப்பு முட்டியது. பெனோவின் அம்மாவோ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"என்னது மைனி?" என்றார் அப்பா.

"கோயம்புத்தூர்ல யாரு இருக்கா உங்களுக்கு? இப்படி டிவில போட்டு அவமானப்படுத்தணுமா? நேரா கேட்டா சொல்ல மாட்டோமா?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அம்மாவுக்கும் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவள் அடுக்களை வாசலில் நின்றபடி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "நேராத்தான் கேக்கோம். சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு என் அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

"அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணோட நிச்சயம்தான் நடந்துது. கல்யாணமா நடந்துது? ஆறு வருசம் ஆச்சு. ரெண்டு ஓலை வாசிச்ச பொறவு அந்தப் பொண்ணுக்குத் திமிரு ஏறிட்டு."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பதுதான் ஓலை. இரண்டு வாசித்தாயிற்று என்றால் பந்தியில் இலை போட்டாயிற்று என்று அர்த்தம். எங்கள் வீட்டில் வெறும் கேசரியோடு நின்றதற்கு என்னைக் குத்திக் காட்டியவர், இலை போட்ட பந்தியை மூடி மறைத்திருக்கிறார்!

"என்ன திமிரு?" என்று கேட்டேன்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெனோ நிமிர்ந்தான். "வேலையை விட மாட்டேன்னுட்டா."

"இப்ப?"

"இப்பவும் அங்கனயேதான் வேலை பாக்கா." மறுபடி தரையைப் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துக் கழுத்தை நீட்ட முடியுமா?

அப்பா பதறிப்போய், "மைனி, மெஷின்தான் தப்பாப் போட்டுட்டு, அது இரண்டாந்தேதிய..." என்று தொடங்கினார். பெட்டியை அவர் குறை சொன்னது அதுவே முதல் முறை.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா.

பிறகு பேச அதிகம் இல்லை. அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் வழியனுப்பக்கூட அம்மா போகவில்லை.

அப்பா கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று நகலையும் ஒன்றாக வைத்துக் கிழித்தார். கிழித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் சொன்னேம்லா, மெஷின் தப்பே பண்ணாதுன்னு."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அது தப்பாத்தான்பா போட்டுச்சு. நான் மூணு வாரமாச் சரியாச் சொன்னேன். தப்பாச் சொன்ன பெட்டி சொன்னது உங்க காதுல விழுந்துது. நான் சொன்னது விழலை."

அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். நான் சமாதானம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல பஸ்ஸில் நின்றபடியே பள்ளிக்குப் போய் வந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா டிவி முன்னால் இருந்தார். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் என் பிள்ளைகள் மேடையில் எரிமலை செய்து காட்டிய வீடியோவை எங்கிருந்தோ தேடி எடுத்திருந்தார். அவரே உட்கார்ந்து 'ஸ்டெபி டீச்சர் 7' என்று பெயர் வைத்திருந்தார். எனக்கு அங்கே ஏழாவது வருடமாம். பெட்டி சும்மா இருக்குமா?

'ஏழாம் பாகம். முதல் ஆறு பாகங்கள் காணவில்லை. தேடவா?'

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, மத்த ஆறு வருசத்து விழா வீடியோவும் இருக்கா? எங்க கிடைக்கும்?"

செருப்பைக் கழற்றியபடியே சொன்னேன். "உங்க போன்லதான் இருக்கு. வருசா வருசம் அனுப்பினேன். திறந்து பாருங்க."